பிரெப் மாத்திரையும் அந்த வெள்ளை பாட்டிலும்

"நீ பிரெப் எடுக்கறியே, எப்படிடா இருக்கு? நானும் ஆரம்பிக்கட்டுமா?" என்று ஒரு நண்பன் கேட்டான். போனில் பதில் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே கோபம் வந்து பேச்சு திசை மாறிவிட்டது. எழுதினால் நிதானமாகச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

பிரெப் என்றால் என்ன, எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். டெனோஃபோவிர் 300 மி.கி., எம்ட்ரிசிடபின் 200 மி.கி., இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று. எச்ஐவி இல்லாதவர்கள் அது வராமல் தடுக்க எடுப்பது. நான் ஆண்களை விரும்பும் ஆண். ஒரு வருடத்துக்கு மேல் எடுத்து வருகிறேன். மாத்திரையின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் பிரச்சினை எல்லாம் அது வரும் பாட்டிலோடுதான்.

முதலில் உடம்பு. ஆரம்பத்தில் சில வாரம் வயிறு உப்பிக்கொண்டது, குமட்டல் இருந்தது. காசிமேட்டு மீன் வறுவல் வாசனை வந்தாலே எழுந்து போய்விடுவேன். அப்புறம் எல்லாம் தானாகச் சரியாகிவிட்டது.

வேலை மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில். ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், மறு வாரம் நைட். எண்ணூர் ரோட்டில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றுவிட்டால் எப்போது வீடு திரும்புவேன் என்று சொல்ல முடியாது. மணி பார்த்து மாத்திரை போடுவது எனக்கு நடக்காத காரியம். டாக்டரிடம் சொன்னேன். சில மணி நேரம் முன்னே பின்னே ஆனால் பரவாயில்லை, தினமும் விடாமல் செய்யும் ஒரு காரியத்தோடு சேர்த்துக்கொள் என்றார். எந்த ஷிஃப்டாக இருந்தாலும் சாப்பிடாமல் வேலைக்குக் கிளம்ப மாட்டேன். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும் மாத்திரை. இது நன்றாக ஒட்டிக்கொண்டது.

இப்போது பாட்டில். முப்பது மாத்திரை, கூடவே ஈரம் உறிஞ்சுவதற்கு ஒரு சின்ன உருளை. பையில் போட்டு நடந்தால் கிலுகிலுவென்று சத்தம் போடும். லேபிளில் மருந்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். வேறு டப்பாவில் கொட்டி வைத்துக்கொள்ளலாமே என்றால், அதே பாட்டிலில் இறுக மூடி, 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்கிறது அந்த லேபிள். பழைய வண்ணாரப்பேட்டையில் மொட்டை மாடி போர்ஷனில் மூன்று பேர் தங்கியிருக்கிறோம். மே மாதம் ராத்திரி பத்து மணிக்கும் எங்கள் சுவர் கொதிக்கும். கீழே ஹவுஸ் ஓனர் அம்மா ஃபிரிட்ஜில் இடம் கேட்டால் தருவார். அந்தப் பெயரோடு அங்கே எப்படி வைப்பது? கடைசியில் வெயில் மாதங்களுக்கு யார்டு ஆபீஸின் ஏசி அறை லாக்கரில் பாட்டில், ஒரு வாரத்துக்கு வேண்டியது மட்டும் சின்ன டப்பாவில் வீட்டுக்கு என்று ஏற்பாடு செய்துகொண்டேன்.

பெயரில் அப்படி என்ன இருக்கிறது? எச்ஐவி சிகிச்சையிலும் டெனோஃபோவிர் உண்டு. அங்கே பெரும்பாலும் மூன்று மருந்து சேர்ந்து வரும், தடுப்புக்கு இரண்டு. கூகுளில் பெயரைப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது? ஒரு மருந்துக்கடையில் என் சீட்டைப் பார்த்தவர், உள்ளே இருந்த பையனிடம் "எச்ஐவி மாத்திரை ஸ்டாக் இருக்கா பாரு" என்று சத்தமாகக் கேட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவருக்கு எச்ஐவி இருக்கிறதா இல்லையா என்பதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2017-லேயே நாடாளுமன்றம் சட்டம் போட்டாயிற்று. அந்தக் கடைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

அறையிலும் அதே கதைதான். கூட இருப்பவர்களில் ஒருவன் பாட்டிலைப் பார்த்திருக்கிறான், தேடியும் பார்த்திருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளிலிருந்து என் டீ டம்ளர் தனியாக, ஜன்னல் ஓரம் இருந்தது. கேரம் கிளப்பில் என்னோடு ஜோடி சேர்ந்து ஆடும் நண்பனிடமும் அவன் சொல்லிவிட்டான். இந்த நண்பன் அன்று ராத்திரியே வந்து, "இன்னா மச்சான், என்னாண்ட சொல்லக் கூடாதா? ஸ்டான்லி ஆஸ்பத்திரில தெரிஞ்ச அண்ணன் இருக்காரு. நான் கூட வர்றேன், பயப்படாத" என்று கையைப் பிடித்துக்கொண்டான். இல்லாத நோய்க்கு ஆறுதல் சொல்கிறானே என்று அவன் மேலும் எரிச்சல் வந்தது. ஆனால் அவனை விட்டுக்கொடுக்க மாட்டேன். எனக்கு நோய் இருக்கிறது என்று முழுசாக நம்பிக்கொண்டுதான் அவன் கையைப் பிடித்தான்.

இருவரையும் உட்கார வைத்து விளக்கினேன். அறை நண்பன் பெருமூச்சு விட்டு, "அப்போ உனக்கு இல்லயா? சரி சரி" என்றான். சாயங்காலம் என் டம்ளர் மற்ற டம்ளர்களோடு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. எனக்கு இருந்திருந்தால்? டம்ளரில் எச்ஐவி பரவாது. ஒழுங்காக மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவிலும் பரவாது. இந்தியாவில் எச்ஐவி இருப்பதை 1986-ல் முதன்முதலில் கண்டுபிடித்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும். ரத்த மாதிரிகளை வேலூர் வரை எடுத்துப்போய்ச் சோதித்தார்கள். எங்கள் தெருவிலிருந்து அந்தக் கல்லூரி பஸ்ஸில் போகும் தூரம். சுமார் நாற்பது வருடம் ஆகிவிட்டது, டம்ளர் இன்னும் தனியாகத்தான் போகிறது.

"தடுப்புக்கு மட்டும்" என்று லேபிளில் பெரிதாக அச்சடிக்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் எச்ஐவியோடு வாழ்கிறார். அவர் மாத்திரையும் இதே போன்ற வெள்ளை பாட்டிலில்தான் வருகிறது. என் பாட்டில் மட்டும் தப்பித்துவிட்டால் பார்வை முழுவதும் அவர் பாட்டில் மேல் விழும். இரண்டிலுமே பெயரைச் சின்னதாகப் போடட்டும், சத்தம் வராமல் அடைக்கட்டும்.

இவ்வளவு திட்டியும் ஏன் விடவில்லை என்றால், தினமும் ஒழுங்காக எடுத்தால் உடலுறவு வழியாக எச்ஐவி வரும் வாய்ப்பு சுமார் 99 சதவீதம் குறைகிறது. முன்பெல்லாம் ஒருவரைச் சந்தித்துவிட்டு வந்தால், டெஸ்ட் எடுக்கலாம் என்ற நாள் வரும்வரை சின்னக் காய்ச்சலுக்கும் தொண்டை வலிக்கும் நடுங்குவேன். ஒருவர் மேல் உள்ள பிரியம்கூட அந்தப் பயத்தில் கசந்துவிடும். அது போயே போய்விட்டது. ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறேன். இப்படி ஒரு நிம்மதியை நான் எதிர்பார்க்கவே இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை கட்டாயம். இதை நான் தொல்லையாக நினைக்கவில்லை. பிரெப் மற்ற பால்வினை நோய்களைத் தடுக்காது. அப்படி ஒரு பரிசோதனையில்தான் எனக்குச் சிஃபிலிஸ் ஆரம்பத்திலேயே தெரிந்து, பென்சிலின் ஊசியோடு முடிந்தது. காண்டம் இன்னும் வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போடும் லெனகபவிர் ஊசியைத் தடுப்புக்குப் பயன்படுத்த 2025 ஜூனில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. கட்டுப்படியாகும் விலையில் அது என் கைக்குக் கிடைக்கும் நாளில் மாறிவிடுவேன். லாக்கர், டப்பா எதுவும் வேண்டாம்.

மார்க் கேட்டால் இன்றைக்கு ஐந்துக்கு மூன்றுதான் போடுவேன். நேற்றுதான் புதுப் பாட்டில் வாங்க வேறொரு கடைக்குப் போய், மறுபடியும் அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் கேட்டால் ஐந்தும் போடுவேனோ என்னவோ.

நண்பனுக்கு: ஆரம்பிடா. ஆனால் நேராக மருந்துக்கடைக்குப் போகாதே. முதலில் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்ஐவி டெஸ்ட் எடு, இலவசம். ஏற்கெனவே தொற்று இருப்பது தெரியாமல் இந்த இரண்டு மருந்தை மட்டும் எடுத்தால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும். பிறகு டாக்டரைப் பார். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கிறதா என்றும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவையும் பார்க்கச் சொல்வார். ஹெபடைடிஸ் பி இருந்தால் இந்த மாத்திரையை இஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது, கல்லீரல் வீங்கலாம். நம்மைப் போன்ற ஆண்களுக்கு முழுப் பாதுகாப்பு வர ஏழு நாள் விடாமல் எடுக்க வேண்டும். ஜிம்மில் கிரியேட்டின் பவுடர் குடிக்கிறாய் என்பதை மறக்காமல் சொல், கிரியாட்டினின் அளவு அதனாலேயே கூடலாம். முதுகுவலிக்கு அடிக்கடி டைக்ளோஃபெனாக் போடுவதையும் சொல்லிவிடு, இந்த மாத்திரையோடு அது சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு நல்லதில்லை.