ஹெர்னியா ஆபரேஷன்: அன்றே வீடு திரும்ப எந்த மயக்கம் நல்லது?

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குக் காலையில் போய், கவட்டில் உள்ள ஹெர்னியாவுக்கு (குடலிறக்கத்துக்கு) ஆபரேஷன் முடித்து அன்றே திரும்ப நினைப்பவர்கள் டாக்டரையும் செலவையும் விசாரிப்பார்கள். எந்த மயக்கம் என்று கேட்பவர்கள் குறைவு. சாயங்காலம் ஊர் திரும்ப முடியுமா என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது.

முதுகு ஊசியில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், ஆள் விழித்திருப்பார், குமட்டலும் குறைவு. ஆயுசுக்கும் முதுகுவலி வரும் என்ற ஊர்ப்பேச்சுக்குப் பயந்து இதை மறுக்க வேண்டாம். குத்திய இடம் சில நாள் வலிக்கலாம், அவ்வளவுதான். சிலருக்கு எழுந்து உட்கார்ந்தால் கூடுகிற, படுத்தால் குறைகிற தலைவலி வரும். வந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இதைவிடப் பெரிய சங்கடம் சிறுநீர் அடைப்பு. இந்த ஊசியில் வழக்கமாகப் போடும் மருந்தான புபிவக்கெய்னின் மரப்பு இறங்கப் பல மணி நேரம் ஆகும். புராஸ்டேட் வீக்கம் உள்ள பெரியவர்களுக்கு அதற்குள் சிறுநீர் கட்டிக்கொண்டால், டியூப் போட்டு ராத்திரி தங்க வேண்டியதுதான். சீக்கிரம் இறங்கும் குளோரோபுரோக்கெய்ன் கிடைக்குமா என்று மயக்க டாக்டரிடம் கேளுங்கள்.

முழு மயக்கம் பெரும்பாலும் சிறு துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபிக்கு. இப்போதைய மருந்துகளில் சீக்கிரமே தெளியும். குமட்டலும் தொண்டைக் கரகரப்பும் சிலருக்கு இருக்கும்.

திறந்து செய்யும் சாதாரண ஹெர்னியாவுக்கு நான் முதலில் கேட்கச் சொல்வது, அந்த இடத்தை மட்டும் மரக்கவைக்கும் ஊசி. கால் மரக்காது, சிறுநீர் அடைப்பு அபூர்வம், இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்களுக்கும் பாரம் குறைவு. அறுக்கும்போது இழுப்பதும் அமுக்குவதும் தெரியும். அதனால் மிகவும் பயப்படுபவர்களுக்கும், உடல் பருத்தவர்களுக்கும், ஹெர்னியா பெரிதாக இறங்கியவர்களுக்கும் இது ஒத்துவராது. இதில் கைப்பழக்கம் உள்ள சர்ஜனும் வேண்டும்.

சரி, வீட்டுக்கு வந்த பிறகு? மரப்பு விடுவதற்குள் முதல் பாராசிட்டமால் உள்ளே போயிருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள், வலிக்கட்டும் என்று காத்திராமல் டாக்டர் சொன்ன நேரத்துக்குப் போடுங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளுக்கு 4 கிராமே உச்சம். ஈரல் நோய் இருந்தாலோ உடல் மெலிந்திருந்தாலோ அதிலும் குறைவு. டைக்ளோஃபினாக் வலியை நன்றாக அடக்கும், ஆனால் அல்சர், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடாதீர்கள். டிராமடால் கடைசி. குமட்டல், தலைசுற்றலோடு மலச்சிக்கலும் தரும், தையல் போட்ட ஆள் கழிப்பறையில் முக்கினால் உயிர் போகிற வலி வரும். அது தேவைப்பட்டால் மலம் இளக்கும் மருந்தையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.