முட்டித் தேய்மானம்: கரண்ட், ஊசி, பயிற்சி, அறுவை சிகிச்சை – நடமாட்டத்தைத் திருப்பித் தருவது எது?

எக்ஸ்ரே பார்த்துவிட்டு மருத்துவர் ‘முட்டி தேய்ந்திருக்கிறது’ என்று சொன்ன நாளிலிருந்தே நம்மில் பலர் நடப்பதைக் குறைத்துக்கொள்கிறோம். மாடிக்குப் போவது நின்றுவிடுகிறது, ரேஷன் கடைக்கு மகன் போகிறான், கோயிலில் பிரகாரம் சுற்றாமல் கொடிமரத்தருகே நின்றே கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறோம். தேய்ந்தது நடந்தால் இன்னும் தேய்ந்துவிடும் என்ற அச்சமே இதற்குக் காரணம். ஆனால் மூட்டின் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டு மடங்கி நீளும்போது குருத்தெலும்பு அழுந்தி விரிவதால்தான் மூட்டுத் திரவத்திலிருந்து அதற்கு ஊட்டம் போய்ச் சேர்கிறது. அசையாமல் இருப்பவருக்கு இந்த ஊட்டமும் குறைகிறது, முட்டியைத் தாங்கிப் பிடிக்கும் தொடைத் தசையும் இளைக்கிறது. தசை இளைத்தால் வலி கூடுகிறது. வலி கூடினால் நடை மேலும் குறைகிறது.

இந்தச் சுழலிலிருந்து வெளியே வர நம் ஊரில் பொதுவாக முன்வைக்கப்படும் வழிகள் நான்கு: பிசியோதெரபி நிலையத்தில் கரண்ட் வைத்துக்கொள்வது, பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சியைச் செய்வது, முட்டியில் ஊசி போட்டுக்கொள்வது, மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. இவற்றை ஒப்பிடுவதற்கு நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் அன்று மாலை வலி எவ்வளவு குறைந்தது என்பதைவிடச் சற்றுக் கடினமானது. ஓராண்டு கழித்து அந்த மனிதர் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுகிறாரா, பேருந்துப் படியில் ஏறுகிறாரா, காய்கறிப் பையுடன் மாடிக்குப் போகிறாரா என்பதுதான் அது.

கரண்ட் வைப்பதா, பயிற்சி செய்வதா?

பிசியோதெரபி என்ற சொல்லைக் கேட்டதும் பலருடைய மனத்தில் எழும் காட்சி, கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருக்க, முட்டியைச் சுற்றி நான்கு பட்டைகளை ஒட்டி, பதினைந்து இருபது நிமிடம் மின்னோட்டம் செலுத்துவதுதான். இதனுடன் ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் தேய்ப்பதும், உருக்கிய மெழுகால் ஒத்தடம் கொடுப்பதும் சேர்ந்துகொள்ளும். வெதுவெதுப்பும் குறுகுறுப்பும் இதமாகத்தான் இருக்கும். சிலருக்குச் சில மணி நேரம் வலி மட்டுப்படவும் செய்யும். ஆனால் அந்த இருபது நிமிடத்தில் நோயாளி படுத்தே இருக்கிறார். எழுந்து வெளியே போகும்போதும் அவருடைய தொடைத் தசை உள்ளே வந்தபோது இருந்த அதே வலுவில்தான் இருக்கிறது.

சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட மூட்டுத் தேய்மான வழிகாட்டுதல் இந்த விஷயத்தில் வெளிப்படையாகவே பேசுகிறது. தேய்மானம் உள்ள எல்லோருக்கும் அவரவருக்கு ஏற்ற உடற்பயிற்சியைச் சிகிச்சையாக அளிக்க வேண்டும் என்று சொல்லும் அதே ஆவணம், பட்டை ஒட்டி மின்னோட்டம் செலுத்தும் டென்ஸ், இன்டர்ஃபெரன்ஷியல் ஆகியவற்றோடு அல்ட்ராசவுண்ட், லேசர் உள்ளிட்ட மின்சிகிச்சைகளை அளிக்க வேண்டாம் என்கிறது. பலன் தருவதற்குப் போதிய சான்று அவற்றுக்கு இல்லை. நம் ஊர் நிலையங்கள் பலவற்றிலோ இதன் தலைகீழ்தான் நடக்கிறது: அரைமணி நேரம் இயந்திரத்துக்கு, கடைசி இரண்டு நிமிடம் ‘வீட்டில் காலைத் தூக்கி இறக்குங்கள்’ என்ற அறிவுரைக்கு. ஒரே சமயத்தில் பலரைப் பார்க்க வேண்டிய நெருக்கடியில் இயந்திரம் கைகொடுக்கிறது என்பது புரிகிறது. நோயாளிகளும் கருவி வைத்தால்தான் சிகிச்சை நடந்ததாக நினைக்கிறார்கள். இருந்தாலும் நடமாட்டம் என்ற அளவுகோலில் இரண்டும் சமமல்ல என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். கரண்ட் வைத்தே தீர வேண்டும் என்று விரும்புகிறவர், பயிற்சிக்கு உடலைத் தயார்ப்படுத்தும் முன்னுரையாக அதை வைத்துக்கொள்ளட்டும். அதுவே முழுச் சிகிச்சையாகிவிடக் கூடாது.

அந்தப் பயிற்சி எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் அருகில் சென்று பார்க்கலாம். முதல் வாரத்தில் பெரும்பாலும் கட்டிலிலேயே தொடங்கும்: சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்து, அதைக் கீழே அழுத்துவதுபோல் தொடையை இறுக்கி ஐந்து நொடி நிறுத்துவது, காலை மடக்காமல் ஓரடி உயரத்துக்குத் தூக்கி மெதுவாக இறக்குவது. அடுத்த கட்டம் நாற்காலி. கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்து, நிமிர்ந்து நின்று, பொத்தென்று விழாமல் தசையின் பிடியிலேயே உட்கார வேண்டும். முடியாதவருக்கு இருக்கையில் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டுவார்கள். முடிந்தவருக்குத் தலையணையை எடுத்துவிடுவார்கள். பிறகு வாசற்படி: ஒரு காலைப் படியில் வைத்து, மறுகாலால் தரையை உந்தாமல், மேலே வைத்த காலின் பலத்தாலேயே ஏறுவது. நல்ல பிசியோதெரபிஸ்ட் இந்த இடத்தில் நோயாளிக்கு நேர் எதிரே நின்று, முட்டி உள்பக்கமாகச் சாய்கிறதா, பாதத்துக்கு நேராக வருகிறதா என்று பார்ப்பார். இந்தப் பார்வைக்குத்தான் நாம் கட்டணம் கொடுக்கிறோம் என்பது என் எண்ணம்.

தொடக்கத்தில் வலி கொஞ்சம் கூடலாம்; அதை முன்கூட்டியே சொல்லாததால்தான் பலர் மூன்றாம் நாளே விட்டுவிடுகிறார்கள். 2013இல் டென்மார்க்கில் தொடங்கிய ‘கிளாட்’ என்ற பயிற்சித் திட்டத்தில் இதற்கு எளிய விதி ஒன்று உண்டு. பூஜ்யத்திலிருந்து பத்து வரையிலான அளவில் ஐந்து வரையிலான வலியைப் பயிற்சியின்போது பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் 24 மணி நேரத்துக்குள் அது வழக்கமான அளவுக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பாவிட்டால் பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை, அளவைக் குறைத்தால் போதும். அத்திட்டத்தில் ஆறு வாரங்களில் 12 பயிற்சி அமர்வுகள், அதோடு நோயைப் பற்றி விளக்கும் இரண்டு வகுப்புகள், அவ்வளவுதான். ஆறு வாரம் என்பது தசை வலுப்பெறத் தொடங்கத் தேவைப்படும் காலம். நான்கு நாள் போய்ப் பார்த்துவிட்டு ‘பிசியோதெரபி எனக்கு ஒத்துவரவில்லை’ என்பவர்கள், உண்மையில் அந்தச் சிகிச்சையை இன்னும் எடுத்துக்கொள்ளவே இல்லை.

ஊசியா, பயிற்சியா?

முட்டிக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசியின் கவர்ச்சி அதன் வேகம். சில நாட்களிலேயே வலி இறங்கிவிடும். பேத்தியின் திருமணம் அடுத்த வாரம் என்ற நிலையில் இருப்பவருக்கு அது பெரிய உதவி. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சிக்கல் அதற்குப் பின் வரும் மாதங்களில் இருக்கிறது.

இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு 2020இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியானது. அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டு ஊசியும் மறு பிரிவுக்குப் பிசியோதெரபியும் அளித்தார்கள். வலி, விறைப்பு, அன்றாடச் செயல்திறன் மூன்றையும் சேர்த்து 0 முதல் 240 வரை மதிப்பிடும் அளவீட்டில், குறைந்த எண் என்றால் நல்ல நிலை. ஓராண்டு முடிவில் ஊசிப் பிரிவின் சராசரி 55.8, பிசியோதெரபிப் பிரிவின் சராசரி 37.0. ஊசி போட்டுக்கொண்டவர்களும் முன்பைவிட நன்றாகவே இருந்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் ஓராண்டுக் கணக்கில் பயிற்சி முந்திவிட்டது.

ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுவது வேறு கதை. 2017இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டாண்டு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு, வெறும் உப்புநீர் ஊசி போட்டுக்கொண்டவர்களைவிடக் குருத்தெலும்பு கூடுதலாகக் குறைந்திருந்தது. வலியிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நம்மிடையே சர்க்கரை நோய் பரவலாக இருப்பதால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஸ்டீராய்டு ஊசி சில நாட்களுக்கு இரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும். பயிற்சி அதை இறக்க உதவும். ‘ஜெல் ஊசி’ என்று விலை கூடுதலாக விற்கப்படும் ஹயலுரோனிக் அமில ஊசியையும் மேற்சொன்ன நைஸ் வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை.

‘நான்தான் தினமும் நடக்கிறேனே’

நடைப்பயிற்சி ஒன்றே போதுமே என்று கேட்பவர்களுக்கு: நடை நல்லது, இதயத்துக்கும் சர்க்கரைக்கும் உறக்கத்துக்கும் மிக நல்லது, கைவிடவே வேண்டாம். ஆனால் சமதளத்தில் நடப்பது தொடைத் தசைக்குப் பெரிய சுமையைத் தருவதில்லை என்பதால், நாற்காலியிலிருந்து எழவும் படியேறவும் வேண்டிய வலுவை அது போதிய அளவு வளர்ப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கத்தோடு, இரண்டு நாளாவது தசை வலுவூட்டும் பயிற்சியையும், 65 வயதைக் கடந்தவர்களுக்கு மூன்று நாள் சமநிலைப் பயிற்சியையும் சேர்த்தே கேட்கிறது. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மீதுள்ள சுமை நான்கு கிலோ குறைகிறது என்ற கணக்கையும் நடப்பவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அறுவை சிகிச்சை

இங்கே பயிற்சியின் பக்கம் மட்டும் பேசுவது நியாயமாகாது. டென்மார்க்கில் 100 பேரிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், மூட்டு மாற்றிக்கொண்டு பிறகு பயிற்சியும் செய்தவர்கள், அறுவை இல்லாமல் பயிற்சி முதலான சிகிச்சைகளை மட்டும் பெற்றவர்களைவிட ஓராண்டில் ஏறத்தாழ இரு மடங்கு முன்னேறினார்கள். அதே ஆய்வில் கடுமையான பக்கவிளைவுகள் அறுவைப் பிரிவில் 24, மற்றதில் 6. அறுவை இல்லாத பிரிவில் அந்த ஓராண்டுக்குள் மூட்டு மாற்றத்துக்குப் போனவர்கள் 26 விழுக்காடு. மற்றவர்கள் அதுவரை கத்தியில்லாமலே சமாளித்தார்கள். ஆகவே இரவில் தூங்கவிடாத வலியும், வளைந்துபோன காலும், முறையாகப் பயிற்சி செய்தும் மாறாத நிலையும் உள்ளவருக்கு அறுவை சிகிச்சை சரியான முடிவு. அதைத் தள்ளிப்போட்டு உட்கார்ந்த இடத்திலேயே முடங்குவது கேடு. உள்வைக்கும் மூட்டின் விலைக்கு 2017இல் இந்திய அரசு உச்சவரம்பு விதித்தது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளிலும் இந்த அறுவை நடக்கிறது. ஆனால் தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடுவதையும் குந்தி உட்காருவதையும் பெரும்பாலான மருத்துவர்கள் அதன்பின் தவிர்க்கச் சொல்வார்கள் என்பதை முன்பே கேட்டறிந்துகொள்வது நல்லது.

எங்கே செய்வது?

தனியார் நிலையத்தின் பலம், தேவையான நேரத்துக்குப் போக முடிவது. பலவீனம், மேலே சொன்ன இயந்திர மோகம். சேரும் முன்பே ‘ஓர் அமர்வில் எவ்வளவு நேரம் நான் பயிற்சி செய்வேன், அப்போது யார் உடனிருப்பார்?’ என்று கேட்டுவிட வேண்டும், கவனிப்பவர் பி.பி.டி. என்ற பிசியோதெரபி இளநிலைப் பட்டம் படித்தவரா என்பதையும் தயங்காமல் கேட்கலாம். அரசு மருத்துவமனைகளின் பிசியோதெரபிப் பிரிவில் செலவு இல்லை, கூட்டம் உண்டு. வேலைக்குப் போகிறவர்களுக்கும் தொலைவிலிருந்து வருகிறவர்களுக்கும் அடிக்கடி அங்கே போய்வருவது கடினம். ஆனால் பத்து நாளுக்கு ஒருமுறை போய்ப் புதிய பயிற்சியைக் கற்றுக்கொண்டு, மற்ற நாட்களில் வீட்டில் செய்தால் அதுவே போதுமானதாகிவிடும்.

வீட்டைவிட்டு வெளியேற முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் பிசியோதெரபிஸ்டே வீட்டுக்கு வருகிறார். பக்கவாதத்தால் படுக்கையில் இருப்பவர்களுக்கு இதற்கு ஈடான மாற்று நான் பார்த்தவரை இல்லை. வீட்டுச் சிகிச்சைக்குத் தனி நன்மையும் ஒன்று உண்டு: எந்தக் கட்டிலிலிருந்து எழ முடியவில்லையோ அந்தக் கட்டிலிலிருந்தே எழப் பழகலாம், எந்தக் குளியலறைப் படி தடுக்குகிறதோ அந்தப் படியிலேயே கால் வைத்துப் பழகலாம். யூடியூப் காணொளிகளைப் பற்றிச் சுருக்கமாக: ஒருமுறை நேரில் கற்றவருக்கு நினைவூட்டலாக உதவும், கற்காதவரின் முட்டி உள்ளே சாய்வதைக் காணொளியால் பார்க்க முடியாது.

எந்த இடத்தைத் தேர்ந்தாலும் தொடங்கும் நாளன்று ஒரு சோதனையைச் செய்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சுவரோடு சேர்த்துப் போட்ட, 17 அங்குல உயரமுள்ள நாற்காலியில் அமர்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 30 நொடியில் எத்தனை முறை முழுமையாக எழுந்து நிற்க முடிகிறது என்று வீட்டில் ஒருவரை எண்ணச் சொல்லுங்கள். 60 முதல் 64 வயது வரையிலான ஆண்களுக்கு 14க்கும் பெண்களுக்கு 12க்கும் குறைந்தால், 70 முதல் 74 வயதில் ஆண்களுக்கு 12க்கும் பெண்களுக்கு 10க்கும் குறைந்தால், அது சராசரிக்குக் கீழான நிலை. விழுந்துவிடும் வாய்ப்பும் கூடுதல். ஆறு வாரம் கழித்து அதே நாற்காலியில் மறுபடி எண்ண வேண்டும். எண் ஏறியிருந்தால் வழி சரி, சுமையைக் கூட்டலாம். ஏறாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது வாரத்தில் எத்தனை நாள் உண்மையில் பயிற்சி நடந்தது என்பதை. அது ஒழுங்காக நடந்தும் மாற்றமில்லை என்றால் எலும்பு மூட்டு மருத்துவரிடம் போய் மற்ற வழிகளைப் பேசலாம். அவர் அறுவை சிகிச்சையே தேவை என்று சொன்னாலும், தேதி வரும்வரை பயிற்சியைத் தொடர வேண்டும், ஏனெனில் அறுவைக்குப் பிறகு முதல் வாரத்தில் செய்யச் சொல்வதும் பெரும்பாலும் இதே தொடை இறுக்கலும் கால் தூக்கலும்தான்.