பந்தயக் காரை வைத்திருப்பதா, பிரித்து விற்பதா, முழுதாகக் கொடுப்பதா?

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை, கோவையை அடுத்த செட்டிப்பாளையம் பந்தயத் தடங்களில் நெடுங்காலம் ஓட்டிய என் மாருதி எஸ்டீம் பந்தயக் காரை இந்த ஆண்டு விற்றுவிட்டேன். மகளின் மேற்படிப்பும் அப்பாவின் மருத்துவச் செலவும் ஒன்றாக வந்து நின்றன. டயர், நுழைவுக் கட்டணம், ஷெட் வாடகை என்று போய்க்கொண்டிருந்த பணத்துக்கு வீட்டில் வேறு தேவை வந்துவிட்டது. ஓட்டுவதை நிறுத்துவது என்று முடிவெடுக்க அதிக நேரம் ஆகவில்லை. நிறுத்திய காரை என்ன செய்வது என்பதற்குத்தான் நிறைய யோசிக்க வேண்டியிருந்தது. என் வயதை ஒட்டிய பலர் இதே இடத்தில் நிற்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த அலசல்.

இரண்டு வழிகளை முதலிலேயே தள்ளிவிடலாம். ஒன்று, காரை மறுபடியும் சாலைக்குக் கொண்டுவருவது. எஸ்டீம் உற்பத்தி 2007-இல் நின்றது. தனியார் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டுகள்தான் செல்லும் என்பதால் எல்லா எஸ்டீமும் அந்த வரம்பைத் தாண்டிவிட்டது. கார் உருண்டாலும் ஓட்டுபவரைக் காக்கும் குழாய்க் கூண்டான ரோல் கேஜைப் பற்றவைத்து, பின் இருக்கையைக் கழற்றி எறிந்த வண்டிக்கு, பதிவைப் புதுப்பிக்கத் தேவையான தகுதிச் சான்று வாங்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களை அனுமதிப்பதில்லை. இன்னொன்று, எடைக்குப் போடுவது. ஓடுகிற நிலையில் இருக்கும் பந்தயக் காரை எடைக்குப் போட யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது.

மிஞ்சியவை நான்கு: அப்படியே வைத்திருப்பது, இளம் ஓட்டுநர்களுக்குப் பந்தயத்துக்குப் பந்தயம் வாடகைக்கு விடுவது, பிரித்துப் பாகங்களாக விற்பது, முழு வண்டியாகக் கொடுப்பது.

வைத்திருப்பதுதான் மனத்துக்கு இதமானது. 'பிள்ளை படித்து முடிக்கட்டும், திரும்ப ஓட்டலாம்' என்று சொல்லிக்கொள்ளலாம். ஓடாத காருக்கு என்ன செலவு என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். என் முடிவைத் தீர்மானித்ததே இந்தக் கேள்விக்கான விடைதான்: பந்தயக் கார் நின்றாலும் அதன் காலம் நிற்பதில்லை.

பாதுகாப்புப் பெல்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் 8853-98 தரத்தில் வரும் பெல்ட்டின் லேபிளில், எந்த ஆண்டுக்குப் பிறகு அது செல்லாது என்று அச்சிட்டிருக்கும். உற்பத்தியான ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டுகள்தான் கணக்கு. அந்தப் பெல்ட்டைப் பூட்டி நூறு பந்தயம் ஓட்டினாலும், ஷெட்டில் துணி போர்த்தி வைத்திருந்தாலும், தேதி ஒன்றுதான். 8855-1999 தரத்து இருக்கைக்கும் அதே ஐந்து ஆண்டுகள். தீயணைப்பான் நிரப்பிய தேதியிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். பந்தயத்துக்கு முந்தைய சோதனையான ஸ்க்ரூட்டினிக்குக் காரை நிறுத்தினால் அதிகாரி குனிந்து பார்ப்பது இந்த லேபிள்களைத்தான். நான்கைந்து ஆண்டுகள் கழித்துத் திரும்ப ஓட்ட நினைப்பவர் எஞ்சினைத் தொடுவதற்கு முன்பே பெல்ட், இருக்கை, தீயணைப்பான் மூன்றையும் மாற்றியாக வேண்டும். இது பேராசைக்காரர்கள் வைத்த விதி அன்று. நைலானும் பாலியஸ்டரும் வெயிலிலும் வியர்வையிலும் வலுவிழக்கும்; மோதும் நொடியில்தான் அது தெரியவரும். அந்த விதியை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். ஆதரிப்பதால்தான், நிற்கும் காரை இலவசமாக வைத்திருக்கலாம் என்ற எண்ணத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

தேதி போடாத பொருள்களும் இப்படித்தான். டாட் 4 பிரேக் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த அளவு 155 வரை இறங்கிவிடலாம். இருங்காட்டுக்கோட்டையின் 3.717 கி.மீ. சுற்றில், நீண்ட நேர்ப்பாதை முடிந்து முதல் வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. சென்னைக் காற்றின் ஈரப்பதத்தில் திரவம் நிற்கிற காரிலும் கெடும். பந்தய டயரின் மென்மையான ரப்பர் இறுகும். எத்தனால் கலந்த பெட்ரோல் டேங்கில் நின்றால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், இன்ஜெக்டர் அடைக்கும், பழைய ரப்பர்க் குழாய்கள் விரிசல் விடும். பாடியின் தளத்தில் கூடுதலாகப் பற்றவைத்த இடங்களில், பெயின்ட் சரியாக ஏறாத மூட்டுகளில் துரு ஆரம்பிக்கும். டைமிங் பெல்ட் ஒரே இழுவையில் ஆண்டுக்கணக்காக நிற்கும். ஓடுகிற காரில் இவையெல்லாம் ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். நிற்கிற காரில் ஒரே நாளில், மொத்தமாகத் தெரியவரும்.

ஷெட் வாடகையையும் சேர்த்தால், வைத்திருப்பது என்பது ஆண்டுதோறும் பணம் கட்டிக்கொண்டே காரின் விலையைக் குறைத்துக்கொள்வதாகிறது. சொந்த இடமும், மாதம் ஒரு முறையாவது எஞ்சினைச் சூடாக்கிப் பார்க்க ஆளும் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறலாம். எனக்கு இரண்டுமே இல்லை.

வாடகைக்கு விடுவதைப் பற்றி என்னால் அதிகம் சொல்ல இயலாது. நண்பர் ஒருவர் செய்ததை அருகிலிருந்து பார்த்ததோடு சரி. வார இறுதிக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு காரைக் கொடுப்பார், பராமரிப்பு அவருடையது. சேதத்துக்கு யார் பொறுப்பு என்று எழுதி வாங்கியிருந்தும், வளைந்த சஸ்பென்ஷன் கையைப் பற்றிப் பேசுகிற நேரத்தில் உறவு கசந்தது. சொந்தமாக ஒர்க் ஷாப்பும் மெக்கானிக்குகளும் வைத்திருக்கும் அணிகளுக்கு இது நன்றாகவே நடக்கிறது. ஒற்றைக் கார் வைத்திருப்பவர், அதுவும் வீட்டுச் சுமை கூடிய நேரத்தில், இதை ஏற்றுக்கொள்ளலாமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

பிரித்து விற்பதில் உண்மையான கவர்ச்சி இருக்கிறது. குறிப்பாக எஸ்டீமில். அதன் 1298 சி.சி., 16 வால்வு, அலுமினிய பிளாக் எஞ்சின் மாருதியின் முதல் தலைமுறை ஸ்விஃப்டிலும் ஜிப்சி கிங்கிலும் வந்த குடும்பத்தைச் சேர்ந்தது. எல்.ஜி.பி. ஃபார்முலா 4 ஒற்றை இருக்கைக் கார்களையும் மாருதியின் 1.3 லிட்டர் எஞ்சின்தான் ஓட்டுகிறது. மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா கார் கட்டி, எளியவர்களுக்கும் பந்தயத்தைத் திறந்துவிட்டவர் கோவை கரிவர்தன். அவர் காலத்திலிருந்தே நம் ஊர்ப் பந்தயம் மாருதி பாகங்களால்தான் உயிர் வாழ்கிறது. அதனால் நல்ல எஞ்சின், நெருக்கமான பல்விகிதம் போட்ட கியர் பாக்ஸ், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் எல்.எஸ்.டி. டிஃபரன்ஷியல், டேம்பர்கள் (ஷாக் அப்சார்பர்கள்), எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஈ.சி.யு. ஆகியவற்றுக்கு வாங்குவோர் தேடி வருவார்கள். தனித்தனியாகக் கூட்டினால் முழு வண்டி விலையைத் தாண்டலாம் என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை.

ஆனால் அந்தக் கூட்டலில் ரோல் கேஜ் விடுபட்டுப்போகிறது. எஃப்.ஐ.ஏ. விதிப்படி கேஜின் முதன்மை வளையம் 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிமனும் கொண்ட, அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும் கொண்ட, இணைப்பில்லாத எஃகுக் குழாயால் ஆனதாக இருக்க வேண்டும். குழாயின் விலை பெரிதன்று. அதை அந்த ஒரு ஷெல்லுக்கென்று, அதாவது காரின் வெற்று உடலுக்கென்று, வளைத்து, கூரையை ஒட்டிப் பொருத்தி, தளத்தில் தகடு வைத்துப் பற்றவைக்கும் வேலைதான் பந்தயக் காரிலேயே விலை உயர்ந்த உழைப்பு. அதைக் கழற்ற முடியாது, அறுக்கத்தான் முடியும். அறுத்த கேஜ் இன்னொரு காருக்குப் பொருந்தாது. கதவும் கண்ணாடியும் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் கிடைக்கும். நன்றாகக் கட்டிய கேஜ் போட்ட நேரான ஷெல் அங்கே கிடைக்காது. பிரிக்கும்போது வாங்குவோர் முதல் வாரத்தில் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மிச்சமுள்ள ஷெல் மாதக்கணக்கில் ஷெட்டில் கிடக்கும், வாடகையோடு. ஷெல் ஏற்கெனவே மோதி வளைந்துபோயிருந்தால் மட்டும் பிரிப்பதே சரி. அப்போது தயங்க வேண்டாம்.

ஆகவே முழுதாக விற்பதையே தேர்ந்தேன். வாங்கியவர் முதல் முறையாகக் கூரை மூடிய காரில் பந்தயத்தில் இறங்கும் இளைஞர். அவருக்கு இதே காரைப் புதிதாகக் கட்டினால் என் விலையைப் போலப் பல மடங்கு ஆகும். ஓர் ஆண்டும் போகும். அந்த இடைவெளிதான் முழு வண்டியின் மதிப்பு. பேரத்தில் நான் பிடிவாதமாக வைத்த புள்ளியும் அதுவே: கேஜும் ஷெல்லும் தயாராக இருப்பதற்கு விலை உண்டு.

உபரிப் பாகங்களைத் தனியே விற்க நினைக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. இரண்டாவது கியர் பாக்ஸ், கூடுதல் டிரைவ் ஷாஃப்டுகள், சக்கரங்கள், எந்தத் தடத்தில் எந்த ஸ்பிரிங், எவ்வளவு கேம்பர் (சக்கரச் சாய்வு) என்று எழுதிய நோட்டு எல்லாமே காரோடு போக வேண்டும். உற்பத்தி நின்ற காருக்கு உபரிதான் உயிர். ஜிப்சி 2019 வரை வந்ததால் எஞ்சின் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. எஸ்டீமுக்கே உரிய சஸ்பென்ஷன் பாகங்கள் ஆண்டுக்கு ஆண்டு அரிதாகின்றன. வாங்குபவர் அலமாரியைப் பார்த்துத்தான் விலையில் நம்பிக்கை கொள்கிறார்.

ஆர்.சி. விஷயத்தை விற்பதற்கு முன்பே முடியுங்கள். காரை யாரிடம் கொடுத்திருந்தாலும் பதிவேட்டில் பெயர் இருப்பவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. சாலையில் நிரந்தரமாக ஓட இயலாத வண்டி என்றால் 55-ஆம் பிரிவின் கீழ்ப் பதிவை ரத்து செய்யலாம். பதிவு ரத்தான காரை டோ டிரக்கில் ஏற்றித்தான் தடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதை வாங்குபவரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, விலை கூடும் என்று நினைத்து விற்பதற்கு முன் புதுப் பெல்ட்டும் இருக்கையும் வாங்கிப் பொருத்தாதீர்கள். இருக்கை ஓட்டுபவரின் இடுப்புக்கும் தோளுக்கும் ஏற்றபடி இருக்க வேண்டும். உங்கள் அளவு அவருக்குப் பொருந்தாது. பேரம் இழுத்துக்கொண்டே போனால் புதுப் பெல்ட்டின் ஐந்து ஆண்டுகளில் ஒன்று உங்கள் ஷெட்டிலேயே கழிந்துவிடும். நான் பழைய பெல்ட்டின் தேதியைக் காட்டி, புதியதன் விலையைக் கழித்துக்கொண்டு, பழையதை அவர் கண் முன்னாலேயே அறுத்துப் போட்டேன். தேதி முடிந்த பெல்ட்டைப் பூட்டிக்கொண்டு அவர் ஒரு பயிற்சிச் சுற்றுகூட ஓட்டக்கூடாது.