கடலூர் வீட்டில் காளான் பெட்டி: சில வருடம் வைத்துப் பார்த்த பிறகு

வீட்டில் வைக்கோல் பைகளை வைத்துக் காளான் வளர்க்கப் பெட்டி செய்யப் போகிறேன் என்றால் எல்லோரும் ஈரப்பதத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். கடலூர், புதுச்சேரி பக்கம் இருப்பவர்கள் முதலில் காற்றோட்டத்தைக் கவனியுங்கள். கடலோர ஊரில் ஈரத்துக்குப் பெரும்பாலும் பஞ்சமில்லை. பெட்டிக்குள் புழுங்கிக் கிடக்கும் காற்றுதான் இங்கே சிப்பிக் காளானைக் கெடுக்கிறது.

என்னுடையது துணிமணி போட்டு வைக்கிற சாதாரண மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி, 80 லிட்டர் இருக்கும். மூடி, அடிப்பக்கம் உட்பட ஆறு பக்கமும் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகக் கால் அங்குலத் துளைகள். ட்ரில்லிங் மெஷினை வைத்து அழுத்தினால் பிளாஸ்டிக் விரிசல் விடும். பின்னால் ஒரு பலகையை அண்டக் கொடுத்து மெதுவாக ஓட்டினால் சுத்தமாக இறங்கும். பெட்டியை நான்கு செங்கல் மேல் தூக்கி வைக்க வேண்டும், இதில் சமரசமே கிடையாது. காளான் வெளிவிடும் கரியமில வாயு காற்றைவிடக் கனம். அது வடிய அடியில் வழி இல்லாவிட்டால் மேலே எத்தனை துளை போட்டும் பெரிய பயனில்லை.

காற்று போதவில்லை என்றால் காளானே காட்டிக்கொடுத்துவிடும். காம்பு நீளமாக ஓடும், தலை ஒரு ரூபாய்க் காசு அளவில் நின்றுவிடும், காம்பின் அடியில் வெள்ளையாக ரோமம் படரும். அப்படிப் பார்த்தால் தண்ணீர் தெளிப்பதைக் கூட்டாதீர்கள், மூடியைச் சற்று விலக்கி வையுங்கள்.

ஈரத்துக்காகப் பெட்டியின் அடியில் பெர்லைட் என்ற வெள்ளைப் பொரிகல்லை நிரப்பச் சொல்வார்கள். நான் உடைத்த செங்கலை ஊறவைத்துப் பரப்புகிறேன். செலவே இல்லை, ஒரு அறுவடை முடிந்ததும் கொதிநீர் ஊற்றி வெயிலில் காயப் போட்டால் அடுத்ததற்கும் ஆகும். கம்ப்யூட்டர் ஃபேன் பொருத்துவது வீண் வேலை. அதன் பக்கம் இருக்கும் மொட்டுகள்தான் முதலில் காயும்.

விலை குறைந்த ஈரமானிகளை அப்படியே நம்ப முடியாது. சோதிக்க ஒரு வழி இருக்கிறது. சின்ன மூடியில் கல்லுப்பைப் போட்டு, கூழாகும் அளவு மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு காற்றுப் புகாத டப்பாவில் ஒரு இரவு மூடி வையுங்கள். உள்ளே 75 சதவீதம் இருக்கும். மானி 68 காட்டினால் இனிமேல் ஏழைக் கூட்டிப் படித்துக்கொள்ளலாம். காளானுக்கு வேண்டியது 80க்கு மேல்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டி தானாக ஓடும், தெளிப்பானைத் தொடவே வேண்டாத நாட்கள் உண்டு. சோதனை ஆனி, ஆடியில்தான். மேல்காற்று அடிக்கும்போது கடல்காற்று திரும்பும்வரை மதியம் முழுக்க வறண்டு கிடக்கும். காலையில் பளபளவென்று இருந்த மொட்டு சாயங்காலம் பழுப்பேறிச் சுருங்கியிருக்கும். அந்த மாதங்களில் மேல்புறத்துக்கும் பக்கவாட்டுக்கும் ஈரச் சாக்கு போர்த்தி, அடியைத் திறந்தே விடுகிறேன்.

சித்திரை, வைகாசி வெப்பத்துக்குப் பெட்டியிடம் பதில் இல்லை. சிப்பிக்கு 20 முதல் 30 டிகிரி வேண்டும். அப்போது பால் காளானுக்கு மாறிவிடுவதே புத்திசாலித்தனம், அதற்கு 30 முதல் 35 டிகிரி ஒத்துக்கொள்ளும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட ஏபிகே 2 ரகம் இதற்கென்றே வந்தது போலிருக்கிறது. வெள்ளையாகக் காளான் இழை பரவிய வைக்கோல் பையைப் பாதியாக வெட்டி, வேகவைத்த மண்ணை மேலே போடும் வேலை மட்டும் கூடுதல்.

ஈ விஷயம். கொசுவலை ஒட்டினால் போதும் என்பார்கள். காளான் ஈ அதிலும் புகுந்துவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் காகித பிளாஸ்திரியைத் துளைகள் மேல் ஒட்டுகிறேன். காற்று போகும், ஈ போகாது. நனைந்து நனைந்து பசை விட்டுவிடும் என்பதால் ஒவ்வொரு அறுவடைக்கும் புதிதாக ஒட்ட வேண்டியிருக்கிறது, அது ஒரு சள்ளைதான்.

வைக்கோலில் கஞ்சத்தனம் வேண்டாம். மழையில் நனைந்து கருத்ததை எவ்வளவு வேகவைத்தாலும் பச்சைப் பூசணம் வரும். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் சம்பா அறுத்ததும் கிடைக்கும் பொன்னிற வைக்கோலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெந்ததை நிழலில் உலர்த்தி, கையால் பிழிந்தால் சொட்டாமல், ஆனால் உள்ளங்கை ஈரமாகும் பதத்தில் பையில் அடைக்க வேண்டும்.

தலையின் ஓரம் உட்பக்கம் வளைந்திருக்கும்போதே பறித்துவிடுங்கள். விரிந்தபின் கொட்டும் வித்துத்தூள் இருமலைக் கிளப்பும். "இதை உள்ள வைக்காதடா, தொண்டையக் கரகரங்குது" என்று அம்மா சொன்னதிலிருந்து எங்கள் பெட்டி பின்கட்டில்தான். ஆஸ்துமா உள்ள வீட்டில் படுக்கையறைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

பெட்டியில் இரண்டு சின்னப் பைகள்தான் கொள்ளும், வாரத்தில் ஒரு குழம்புக்கு ஆகும். விற்கும் எண்ணம் இருந்தால் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்காதீர்கள். கீற்றுக் கொட்டகை, தரையில் மணல், சுற்றிலும் ஈரச் சாக்கு என்று போய்விடுங்கள், அதில் ஆகும் செலவுக்கு வரவும் இருக்கும்.