தேரியில் விழுந்தால் செலவு கொஞ்சம்தான். தூக்க வருகிறவர்களிடம்தான் எச்சரிக்கை வேண்டும்

இட்டமொழி, திசையன்விளைப் பக்கத்துத் தேரிகளுக்கும் (செம்மணல் மேடுகள்) ராதாபுரம் சுற்றியுள்ள காற்றாலைக் கப்பிப் பாதைகளுக்கும் பெரிய அட்வெஞ்சர் பைக்கில் கிளம்புகிறவர்கள் இதை ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். மணலில் மெதுவாகச் சாய்ந்த வண்டிக்கு வழக்கமாகப் போவது ஒரு கிளட்ச் லீவர், ஒரு கண்ணாடி, மிஞ்சினால் ஒரு இண்டிகேட்டர். பெரிய பில் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

அண்மையில் ஒரு ராயல் என்பீல்டு ஹிமாலயன் 411-க்கு நடந்ததைப் பாருங்கள். முன்சக்கரம் தேரியில் புதைந்து வண்டி இடப்பக்கம் படுத்துவிட்டது. வெறும் வண்டியே 199 கிலோ. மேலே சாமான் வேறு. மீட்பு வண்டி என்று ஒரு குட்டி யானை வந்தது, பேச்சு 1,500 ரூபாய். முன்சக்கரக் கம்பிகளுக்குள் நைலான் கயிற்றை விட்டு, படுத்த வாக்கிலேயே இழுத்தார்கள். பிறகு மேலே ஏற்றி, சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் கயிற்றைப் போட்டு முறுக்கினார்கள். தார்ச் சாலைக்கு வந்ததும் தொகை 6,000 ஆகிவிட்டது. "பாரஸ்ட்காரன் பாத்தா வண்டியப் பிடிச்சிட்டுப் போயிருவான் அண்ணாச்சி, சட்டுனு குடுத்துட்டுக் கெளம்புங்க" என்று அவசரப்படுத்தல் வேறு. அவர்களே கொண்டுபோய் இறக்கிய பட்டறையில் மறுநாள் சொன்னது: "போர்க்கு வளைஞ்சிட்டு. ரெண்டு பைப்பு, கோன்செட்டு, ரிம்மு, எல்லாம் மாத்தணும். எஞ்சினுக்குள்ள மண்ணு போயிருக்கும், பிரிச்சுப் பாத்துரணும்."

ஆள் பெயர், கடைப் பெயர் இங்கே வேண்டாம். செய்முறை இதுதான் என்று தெரிந்தால் போதும். வேறு ஊரிலும் இதே வரிசையில்தான் நடக்கும்.

முதலில் அந்தப் போர்க்கு கதை. முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்தான் போர்க்கு. அது ஹேண்டிலோடு திரும்ப உதவும் பேரிங்குகள்தான் கோன்செட்டு. ஹேண்டிலை நேராகப் பிடித்தால் முன்சக்கரம் ஒரு பக்கம் திரும்பி நிற்கிறது, ஆகவே போர்க்கு வளைந்துவிட்டது என்பார்கள். மெதுவான விழுகையில் பெரும்பாலும் வளைவதில்லை. குழாய்களை மேலும் கீழுமாகப் பிடித்திருக்கும் கிளாம்புகளுக்குள் அவை முறுக்கிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். வண்டியைச் சரியாக முட்டுக்கொடுத்து, முன்சக்கர ஆக்சிலையும் அதை இறுக்கிப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டையும், கீழ்க் கிளாம்ப் போல்ட்டுகளையும், மட்கார்டு போல்ட்டுகளையும் தளர்த்துங்கள். மேல்க் கிளாம்ப் பிடித்தபடி இருக்கட்டும். சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, ஹேண்டிலை எதிர்ப்பக்கம் ஒரு வெட்டு வெட்டினால் நேராகும். அப்படியும் அசையவில்லை என்றால்தான் மேல்க் கிளாம்பையும் கொஞ்சம் தளர்த்த வேண்டும். பிறகு முன்பிரேக்கைப் பிடித்து நாலைந்து முறை அமுக்கிவிட்டு, டார்க் ரெஞ்சு (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) வைத்து முடுக்க வேண்டும். உதிரிப்பாகம் ஒன்றும் தேவையில்லை. நிஜமாகவே வளைந்திருக்கிறது என்று பட்டறைக்காரர் சொன்னால், குழாயைக் கழற்றித் தடித்த கண்ணாடிப் பலகைமேல் உங்கள் கண் முன்னே உருட்டச் சொல்லுங்கள். வளைந்த குழாய் உருளும்போது அடியில் வெளிச்சம் தெரியும்.

ரிம்மும் அப்படியே. இந்த வண்டியில் கம்பிச் சக்கரம். கம்பிகளை இறுக்கித் தளர்த்திக் கோட்டம் எடுத்தால் பெரும்பாலும் சரியாகும். விளிம்பு நசுங்கியோ வெடித்தோ இருந்தால் மட்டும் மாற்றலாம். எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். ஃபில்டருக்கு உள்பக்கம் சுத்தமாக இருந்தால் மண் எஞ்சினுக்குப் போகவில்லை. ஓடையிலோ கால்வாயிலோ விழுந்த வண்டி என்றால் கதை வேறு: செல்ஃபைத் தொடக்கூடாது, பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் எஞ்சினைச் சுற்ற வேண்டும், ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். அப்போதும் முதல் வேலை பிரிப்பது அல்ல.

அந்த வண்டியில் உண்மையாகக் கெட்டிருந்தவை மூன்று: வளைந்த கம்பிகள், கோணிய ஏபிஎஸ் வளையம் (பிரேக்குக்காகச் சக்கர வேகத்தை அளக்க உதவுவது), போர்க்குக் குழாயில் விழுந்த கயிற்றுக் கீறல். மூன்றும் இழுத்ததால் வந்தவை. விழுந்த அடி ஒரு பக்கம்தான் இருக்கும்: ஹேண்டில் முனை, லீவர் நுனி, ஃபுட்ரெஸ்ட், எஞ்சினைக் காக்கும் கிராஷ் கார்டின் வெளி விளிம்பு. இடப்பக்கம் சாய்ந்த வண்டிக்கு வலப்பக்கக் குழாயில் குறுக்கே கீறல் இருந்தால் அது கயிறு செய்த வேலை. அந்தக் கீறலோடு ஓட்டினால் ஆயில் சீல் கிழிந்து ஒழுகத் தொடங்கும்.

ஆகவே வண்டியைத் தொடுவதற்கு முன் படம் எடுங்கள்: கிடந்த கோலம், இரண்டு பக்கமும், முன்சக்கரம், போர்க்கு, கிலோமீட்டர் மீட்டர். ஏற்றிய பிறகு ஒருமுறை, இறக்கிய பிறகு ஒருமுறை.

முடிந்தவரை கூலிக்கு ஆளே கூப்பிடாமல் தூக்கிவிடலாம். சாவியை அணைத்து, பெட்டிகளைக் கழற்றி, வண்டியை முதல் கியரில் போடுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்னமே விரித்துவிடலாம். சரிவில் சக்கரங்கள் மேட்டைப் பார்த்துக் கிடந்தால் அப்படியே தூக்கக் கூடாது. கிராஷ் கார்டை அச்சாக வைத்து வண்டியைச் சுழற்றி, சக்கரங்களைப் பள்ளத்துப் பக்கம் கொண்டுவந்த பிறகே தூக்க வேண்டும். ஹேண்டிலைத் தரைப்பக்கம் முழுக்கத் திருப்பி, சீட்டுக்கு முதுகைக் கொடுத்து, ஒரு கை கீழ்ப்பிடியிலும் மறு கை பின்ரேக்கிலும் வைத்து, முதுகை வளைக்காமல் காலால் உந்திப் பின்னோக்கிச் சின்னச் சின்ன எட்டு வைத்தால் நடுத்தர உடம்புக்காரர்கூட நிமிர்த்திவிடுவார். நிமிர்த்தியதும் செல்ஃபை அமுக்காதீர்கள். ஆயில் கீழிறங்கப் பத்து நிமிடம் விடுங்கள். பல இன்ஜெக்ஷன் வண்டிகளில் சாய்வு சென்சார் எஞ்சினை நிறுத்தி வைத்திருக்கும். சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால் சரியாகிவிடும். அது தெரியாமல் "ஈசியூ (எஞ்சினை இயக்கும் கணினி) போச்சு" என்கிறவரிடம் வண்டியை விட்டால் அதற்கும் ஒரு பில் வரும்.

குட்டி யானையில் ஏற்றியே ஆக வேண்டுமா? கயிறு கீழ்க் கிளாம்புக்கு மேல் போகட்டும், ஹேண்டில்பார் வேண்டாம். கொக்கி நேரடியாக இரும்பைத் தொடாமல் துணிப்பட்டை வளையம் போட்டு, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. முன்சக்கரம் தளத்தின் முன்பலகையில் முட்டி நிற்க வேண்டும். சஸ்பென்ஷன் பாதிக்குமேல் அமுங்கக் கூடாது. ஸ்டாண்டில் நிறுத்திக் கட்டினால் முதல் பள்ளத்திலேயே ஸ்டாண்டோ அதன் பிடிமானமோ போய்விடும். தொகையை, எந்த இடம்வரை என்பதோடு, கிளம்பும் முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்.

பாரஸ்ட் மிரட்டலைப் பற்றி: குதிரைமொழித் தேரி காப்புக்காடு, மாஞ்சோலைப் பாதை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அனுமதி இல்லாமல் அங்கே போயிருந்தால் அந்த மிரட்டலுக்கு உங்களிடம் பதில் இருக்காது. பட்டா நிலத்திலும் ஊர்ப் பாதையிலும் அது வெறும் பூச்சாண்டி.

இன்சூரன்ஸை நம்பி 6,000 கொடுக்காதீர்கள். வழக்கமான டூவீலர் பாலிசியில் வண்டியை அப்புறப்படுத்தும் செலவுக்கு உச்சவரம்பு 300 ரூபாய்தான். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி கழியும். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பு) இருந்தால் தப்பலாம். விபத்துக்குப் பிறகு பாதுகாப்பில்லாமல் விட்டதாலோ ஓட்டியதாலோ கூடிய சேதம் உங்கள் தலையில் என்று பாலிசியிலேயே இருக்கிறது. சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும் முன் பட்டறையில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் மாற்றினார்களா என்பதே சந்தேகம். பில் கையில் இருந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணிலோ திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலோ புகார் கொடுக்கலாம். துண்டுச் சீட்டில் எழுதிய கணக்கை வைத்துக்கொண்டு அங்கே போராடுவது கஷ்டம்.