பெட்டிச் சாயமா, மருதோன்றியா?
திருகோணமலைச் சலூன்களில் நரை எட்டிப்பார்க்கும் ஆண்கள் கேட்பது இதுதான்: டை அடித்தால் முடி கொட்டுமா? வழுக்கை விழாது. சாயம் ஏறுவது தோலுக்கு வெளியே நிற்கும் முடித்தண்டில். முடி முளைப்பதோ தோலுக்குள். உச்சி வழுக்கைக்குப் பரம்பரையும் டீஎச்டீ ஹோர்மோனுமே காரணம்.

அதற்காகப் பெட்டிச் சாயம் அப்பாவி அல்ல. அமோனியா முடியின் செதில்களைத் திறக்கிறது, ஹைட்ரஜன் பெரொக்சைட் உள்நிறத்தை வெளுக்கிறது. அடிக்கடி பூசினால் முடி நடுவிலேயே முறியும். சீப்பில் சிக்கியதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் சிறு வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரோடு வந்தது. இல்லையென்றால் பெரும்பாலும் முறிந்தது. பெரிய தொல்லை பீபீடீ என்ற இரசாயனம். ஒவ்வாதவருக்குத் தலைத்தோல் சிவந்து நீர் கசியும், கண்ணிமை வீங்கும். என் மைத்துனர், கோணேசர் கோயில் தேர்த் திருவிழாவுக்கு முதல்நாள் டை அடித்து, கறுப்புக் கண்ணாடியோடு வடம் பிடித்தார். இத்தகைய அழற்சிக்குச் சில வாரங்கள் கழித்து முடி உதிரவும் கூடும். பெரும்பாலும் மீண்டும் முளைத்துவிடும்.

மருதோன்றியின் லோசோன் என்ற நிறப்பொருள் செதிலைத் திறக்காமலே முடிப் புரதத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நரை கறுக்காது, செம்பட்டையாகும். உட்துறைமுக வீதியில் மாலை நடப்பவர்களில் யார் பூசியவர் என்று தூரத்திலேயே தெரியும்! ‘கறுப்பு மருதோன்றி’ என்று விற்பதில் பீபீடீ கலந்திருப்பதுண்டு.

நான் மருதோன்றிப் பக்கம். கருமைதான் வேண்டும் என்பவர், 48 மணி நேரத்துக்கு முன்பே காதுக்குப் பின்னால் ஒரு சொட்டுத் தடவிப் பார்க்கட்டும்.