வெளியுறவுக்குக் கடிவாளம்: ஜப்பான், ஜெர்மனி, இந்தியா

வெளியுறவில் அரசின் கையைக் கட்டும் அரசியலமைப்புகளில், எழுத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ஜப்பானை யாரும் நெருங்க முடியாது. 1947-இல் நடைமுறைக்கு வந்த அதன் அரசியலமைப்பின் 9-ஆவது பிரிவு போரைத் துறக்கிறது. தரை, கடல், வான் படை எதையும் வைத்துக்கொள்ள மாட்டோம் என்கிறது. இந்தியாவின் 51-ஆவது பிரிவோ, உலக அமைதிக்கும் பன்னாட்டுச் சட்டத்துக்கும் அரசு 'முயல வேண்டும்' என்பதோடு நின்றுவிடுகிறது. ஜெர்மனியின் அரசியலமைப்பான 1949-ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டம் ஆக்கிரமிப்புப் போருக்கான ஆயத்தத்தைத் தடை செய்கிறது. கூட்டுப் பாதுகாப்பு அமைப்பில் சேர வழிவிடுகிறது.

சரி, கடிவாளத்தைப் பிடித்திருப்பது யார்? அதைக் கேட்டால் வரிசை மாறிவிடுகிறது.

ஜப்பானில் 1954-இலேயே 'தற்காப்புப் படை' வந்துவிட்டது. பெயரில் தற்காப்பு இருந்ததால் பிழைத்தது என்றுகூடச் சொல்லலாம். ஆனாலும் 9-ஆவது பிரிவு வெறும் அலங்காரமாக இருக்கவில்லை. 1991 வளைகுடாப் போருக்கு வீரர்களை அனுப்ப முடியாமல் அந்நாடு சுமார் 1,300 கோடி டாலர் கொடுத்து ஒதுங்கியது. தளர்வு வந்தது 2014 ஜூலையில். நெருங்கிய நாடு தாக்கப்பட்டாலும் சில நிபந்தனைகளோடு படையைப் பயன்படுத்தலாம் என்று அமைச்சரவையே புது விளக்கம் கொடுத்தது. மறு ஆண்டு அது சட்டமானது. பிரிவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. நீதிமன்றம்? அமெரிக்கப் படைகள் தொடர்பான 1959 சுனகாவா வழக்கிலேயே, பாதுகாப்பு ஒப்பந்தம் பெரிதும் அரசியல் சார்ந்த விஷயம், அப்பட்டமான மீறல் இல்லாதவரை தலையிட மாட்டோம் என்று உச்ச நீதிமன்றம் விலகிக்கொண்டது.

ஜெர்மனி நேர் எதிர். படையை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், ஆனால் நாடாளுமன்றத்தின் சம்மதம் வேண்டும் என்று 1994-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001-இல் ஆப்கானிஸ்தானுக்கு வீரர்களை அனுப்ப, சான்சலர் ஷ்ரோடர் அந்த வாக்கெடுப்போடு தன் பதவியையே சேர்த்துப் பணயம் வைக்க வேண்டியிருந்தது. 2003-இல் துருக்கி வானில் கண்காணிப்பு விமானங்களில் ஜெர்மன் வீரர்கள் பறந்ததற்கும் முன்சம்மதம் வாங்கியிருக்க வேண்டும் என்று 2008-இல் நீதிமன்றம் சொன்னது. காலம் கடந்த தீர்ப்புதான். ஆனால் அடுத்து வரும் அரசு அதை மனத்தில் வைத்துத்தானே கணக்குப் போடும்!

கோஸ்டா ரிக்காவையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1949 முதல் நிரந்தரப் படையே இல்லாத நாடு. ஈராக் போரை ஆதரிப்போர் பட்டியலில் அரசு பெயர் கொடுத்தது; அது அரசியலமைப்புக்கு முரண் என்று 2004-இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு சட்ட மாணவரும் வழக்குத் தொடுத்திருந்தார். இப்படி முகத்துக்கு நேரே சொல்லும் நீதிமன்றம்தான் ஜப்பானுக்கு வாய்க்காதது.

என் ஓட்டு ஜெர்மன் முறைக்கே. பெரிய சபதம் எதுவும் எடுக்காமல், கையெழுத்துக்கு முன் இன்னொருவரின் கதவைத் தட்டச் சொல்கிறது.

இந்தியா விசித்திரமான கலவை. 51-ஆவது பிரிவு வழிகாட்டு நெறி என்பதால், அதை நிறைவேற்றச் சொல்லி நீதிமன்றம் போக முடியாது. ஒப்பந்தங்களுக்கு நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயமில்லை. அமெரிக்க அணுசக்தி உடன்பாட்டுக்காக 2008-இல் நடந்ததுகூட அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்புதான். ஆனால் நிலம் என்று வந்தால் கதை வேறு. மேற்கு வங்கத்தின் எல்லைப் பகுதியான பெருபாரியில் பாதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்க நேருவின் அரசு 1958-இல் ஒப்புக்கொண்டபோது, அதற்கு அரசியலமைப்பையே திருத்த வேண்டும் என்று 1960-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. திருத்தமும் வந்தது. நிலம் மட்டும் கைமாறவேயில்லை.